மடித்துணிக் கட்டு

என் தங்கையின் இடது கையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் புகுந்த வீடோ ஸ்ரீரங்கத்தில், தண்ணீர் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காத வீடு. எழுந்தால் குளியல், வெளியே போய் வந்தால் குளியல், யாராவது மேலே பட்டுவிட்டால் குளியல். அறுபதுகளின் பின்பாதியில் நடந்த கதை இது. இத்தனை வருஷம் ஆச்சே, இன்னுமா ஆறவில்லை என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்கு ஆறவில்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தது நானும் என் கணவருமாகத்தான். தென்னூரில் குடியிருந்தோம். நான் திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவருக்கு ஊர் ஊராகப் போகிற உத்தியோகம். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நாங்களும் சம்பந்தி வீட்டாரும் ஒரே ஜாதி, ஒரே நாமம். ஆனால் நான் பஸ்ஸில் பத்துப் பேரோடு இடித்துக்கொண்டு போகிறவள், ஹோட்டலில் உட்கார்ந்து காபி குடிக்கிறவள். அதனால் அவர்கள் கணக்கில் நான் அரைத் தீட்டு. ஸ்ரீரங்கத்துக்குப் போனால் கூடத்தோடு சரி. அதைத் தாண்டி உள்ளே சமையல் நடக்கிற தளிகைக்கட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. "வாங்கோ, உக்காருங்கோ" என்று வாய் நிறையச் சொல்வார்கள். தம்ளரை மட்டும் எட்ட வைப்பார்கள்.

தலைப்பிரசவம் எங்கள் வீட்டுப் பொறுப்பில் திருச்சியிலேயே ஆயிற்று. பெண் குழந்தை. குழந்தை நன்றாகத்தான் பிறந்தது. பெற்றவளுக்குத்தான் உதிரம் நிற்கவில்லை. ரத்தம் ஏற்றி உயிரைப் பிடித்து வைத்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்தால், மறுநாள் அவளுக்குச் சிறுநீர் இறங்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. முகம் ஊதிப்போயிற்று. "கிட்னி ரெண்டும் நின்னு போச்சும்மா. ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷின் இங்கே கிடையாது. இருக்கிற இடத்துக்கு உடனே கொண்டு போங்க" என்றார் பிரசவம் பார்த்த டாக்டர். குழந்தையைப் பக்கத்து வீட்டு மாமியிடம் விட்டுவிட்டு, தங்கையை ரயிலில் படுக்க வைத்து வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆஸ்பத்திரியின் பேர் இங்கே எதற்கு? அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அங்கேதான் இந்தக் குழாய்களைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது. முதலில் தொடை இடுக்கில் ரத்தக்குழாய்க்குள் நீளமாக ஒரு குழாயைச் செருகி அதை மெஷினோடு கோத்தார்கள். ரத்தம் வெளியே போய் அலசப்பட்டுத் திரும்பி வந்தது. முகத்து வீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது. ஆனால் சில நாளிலேயே காய்ச்சல் கண்டது. உடனே அந்தக் குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஊசி மேல் ஊசியாகப் போட்டு அடக்கினார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தேன்.

டாக்டர் பொறுமையான மனிதர். டீச்சர் என்பதாலோ என்னவோ என்னிடம் விவரமாகச் சொன்னார். "தொடையில போடறது அவசரத்துக்கும்மா. வேர்வை சேர்ற இடம், அசுத்தம் சீக்கிரமாப் போய்ச் சேர்ற இடம். ரொம்ப நாள் விட்டு வெச்சா கிருமி நேரா ரத்தத்துக்குள்ள போயிடும். இனிமே கையில வேற மாதிரி போடறோம். அது தாங்கும். ஆனா ஒண்ணு, எந்தக் குழாயா இருந்தாலும் தோல்ல ஒரு வாசல் திறந்துதான் இருக்கும். அந்த வாசலைச் சுத்தமா, காய்ஞ்சு வெச்சிருக்கிறது உங்க கையிலதான் இருக்கு."

இடது முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, மெல்லிய குழாய் இரண்டு வைத்தார்கள். ஒன்று ரத்தம் வெளியே வர, ஒன்று உள்ளே போக. மெஷின் இல்லாத நேரத்தில் இரண்டின் வெளிமுனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து வளைத்து விட்டுவிடுவார்கள். அதற்குள் ரத்தம் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் சிரித்தாள். "அக்கா, வளைகாப்புக்கு நீ கண்ணாடி வளைதானே போட்டே? இவா என் ரத்தத்தாலேயே ஒரு வளை போட்டுட்டா பார்" என்றாள். எதையும் சிரித்துக் கழிக்கிற சுபாவம் அவளுக்கு. அந்தச் சிரிப்பே பிறகு எனக்கு எதிரியாயிற்று.

கையில் போட்ட குழாய் தாங்கியது. காய்ச்சல் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் இறங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் அளந்து பார்த்துவிட்டு டாக்டர் தலையை ஆட்டுவார். கடைசியில், "இனிமே மெஷின் தேவைப்படாதுன்னுதான் நினைக்கிறேன். இருந்தாலும் ரெண்டு வாரம் குழாய் இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது எடுத்துடலாம்" என்றார். அவர் இன்னும் சில நாள் அங்கேயே வைத்துக்கொள்ளத்தான் விரும்பினார். கட்டில் கிடைக்காமல் வராந்தாவில் ஆட்கள் காத்திருந்தார்கள். இவளும் குழந்தையைப் பார்க்காமல் ஏங்கிப்போயிருந்தாள். கையைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, ஆவியில் அவித்த, வலை மாதிரி மெல்லிசான காஸ் துணியால்தான் கட்ட வேண்டும், பழகிய நர்ஸ்தான் கட்ட வேண்டும் என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார். அவள் கணவரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்கு வருவாள் என்றுதான் நினைத்திருந்தேன். "ஆத்து மாட்டுப்பொண் ஆத்துக்குத்தான் வரணும். நான் உயிரோட இருக்கறச்சே யாராத்துலயோ எதுக்குக் கிடக்கணும்?" என்று மாமியார் ஆள் அனுப்பிவிட்டாள். என் வீட்டில் பகலில் ஆள் கிடையாது. அங்கே எப்போதும் ஆள் உண்டு. குழந்தையையும் அங்கே கொண்டு போய்விட்டார்கள். குழந்தை இருக்கிற இடத்துக்குத்தான் அவள் போவாள். போனாள்.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். கணவனை இழந்து, ஒரே பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள். உப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் மருமகளுக்கென்று தனியாக உப்பில்லாமல் தளிகை பண்ணினாள். தானும் அதையே சாப்பிட்டாள். அவள் மட்டும் சப்பென்று சாப்பிடுகிறாளே என்று. மார்கழிக் குளிரில் இவள் காலுக்கு விளக்கெண்ணெய் தடவி விடுவாள். சிறுநீர் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து மகனிடம் சொல்லி எனக்குத் தகவல் அனுப்புவாள். இதெல்லாம் நான் கண்ணால் கண்டது.

கட்டு மாற்ற ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தேன். திருச்சி டாக்டர் அனுப்பிய பெண். பாலக்கரையில் வீடு, கிறிஸ்தவப் பெண். நல்ல பழக்கம் உள்ள கை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வருவாள். மூடி போட்ட தகரப் பெட்டியில் காஸ் துணி, இடுக்கி, ஸ்பிரிட் எல்லாம் இருக்கும். சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவுவாள். பிறகு குழாயின் பக்கத்தில் விரலையே கொண்டு போக மாட்டாள், எல்லாம் இடுக்கியால்தான். முதல் நாள் நான் கூட இருந்தேன். வாசற்கதவை அடுத்த ரேழியிலேயே மணை போட்டு, "இங்கேயே உக்காந்து பண்ணிடுங்கோ, நல்ல வெளிச்சம்" என்றாள் மாமியார். அந்த ரேழியில் பகலிலேயே விளக்கு வேண்டும். நர்ஸ் மணையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். அதெல்லாம் அவளுக்குப் பழகியிருக்கும்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் என்னால் போக முடிந்தது. போகும்போதெல்லாம் தங்கை இடது கையைப் புடவைத் தலைப்பால் போர்த்திக்கொண்டிருப்பாள். குளிர்கிறது என்பாள். மார்கழியில் யாருக்குக் குளிராது? முகத்தில் ரத்தக்களை வந்திருந்தது. குழந்தையை மடக்கிய காலில் போட்டுக்கொண்டு கொஞ்சுவாள். "இன்னும் ஒரு வாரம்தான் அக்கா. வளையைக் கழட்டிட்டா அப்புறம் நான் ராஜாத்தி" என்பாள்.

அந்த வாரம், யாரோ ஒரு பெரியவர் காலமாகிவிட்டார் என்று பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். கிடைத்ததே சாக்கென்று ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். நான் இறங்குகிற இடத்தில் நர்ஸ் திருச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள்.

"இப்பதாங்க கட்டிட்டு வரேன். குழாய் போற இடத்துல சிவந்து, லேசா கசியுதுங்க. தண்ணி பட்டுச்சான்னு கேட்டேன், இல்லவே இல்லைன்றாங்க. எனக்கு மனசு சரியில்லை. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க டீச்சர்" என்றாள்.

வேகமாக நடந்தேன். வாசற்கதவு திறந்திருந்தது. ரேழியில் மணை அப்படியே கிடந்தது. ஸ்பிரிட் வாசனைகூடப் போகவில்லை. உள்ளே யாரும் இல்லை. கொல்லைப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம். அரைத் தீட்டாவது முழுத் தீட்டாவது என்று நேரே கொல்லைக்கே போய்விட்டேன்.

கிணற்றடியில் தங்கை கட்டின புடவையோடு உட்கார்ந்திருந்தாள். இடது கையை மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் வாழை இலையைச் சுற்றி நாரால் கட்டியிருந்தது. மாமியார் எட்ட நின்று குடத்தைச் சாய்த்துத் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தூக்கிய கையின் வழியாக, இலைக்குள்ளேயும் வெளியேயும், தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன பண்றேள்?" என்று கத்திவிட்டேன்.

மாமியார் பதறவில்லை. "நர்ஸ் தொட்டுட்டுப் போயிருக்காளே. தீர்த்தமாடாம எப்படி உள்ளே விடறது? கை நனையாம இலை கட்டித்தானே விடறேன். எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"இலை நனையாம இருக்குமா? கட்டு நனைஞ்சிருக்கே, கண்ணு தெரியலையா?"

"நனைஞ்சா என்ன, அதை எடுத்துட்டு மடித்துணியால கட்டிடறேனே. அவ கட்டின துணி எத்தனை பேர் கை பட்டதோ, எந்தப் பொணத்துப் பக்கம் இருந்ததோ. இது நான் துவைச்சு, நான் உலர்த்தி, ஒரு குஞ்சு குளுவான்கூடத் தொடாத துணி. இதைவிடச் சுத்தம் உலகத்துல உண்டா?"

சொல்லிக்கொண்டே மடிக்கோலை எடுத்தாள். கொல்லைத் தாழ்வாரத்து உத்தரத்தடியில் உயரே கட்டிய கொடியிலிருந்து ஒரு பழைய புடவைத் துண்டைக் கோலாலேயே லாகவமாக எடுத்தாள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தத் துணியை அவளைத் தவிர வேறு ஒரு கை தொட்டதில்லை. கிணற்றுத் தண்ணீரில் நனைத்தது, கொல்லைக் காற்றில் உலர்ந்தது, ஒட்டடைக்குக் கீழே தொங்கியது. ஆனால் மடி. கொஞ்சம் மஞ்சள் பொடியும் வைத்துக் கட்டுவாளாம், காயம் ஆறட்டும் என்று. இதே கதை ஒவ்வொரு தடவை நர்ஸ் வந்து போன பிறகும் நடந்திருக்கிறது. மறுபடி நர்ஸ் வருகிற நாளன்று காலையில், அவள் விட்டுவிட்டுப் போன காஸில் கொஞ்சம் எடுத்து, நர்ஸுக்குத் தெரியாமல் இருக்க, தங்கையே மஞ்சளைத் துடைத்துவிட்டு ஒற்றைக் கையால் சுற்றிக்கொண்டுவிடுவாளாம்.

தங்கையை அறைந்துவிடலாம் போல இருந்தது. "படிச்சவதானேடி நீ? டாக்டர் சொன்னப்போ நீயும் கேட்டுண்டுதானே இருந்தே?"

அவள் தலைமயிரைப் பிழிந்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "குளிச்சாத்தான் அக்கா குழந்தையைத் தருவா. இல்லேன்னா மறுநாள் வரைக்கும் ரேழியிலேயே இருக்கணும். உள்ளே அது அழும். எனக்குப் பால் கட்டிண்டு வலிக்கும். நான் என்ன பண்றது சொல்லு?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் கிட்டே வந்து, மஞ்சள் வைத்து மடித்துணியைக் கட்டிவிட்டாள்.

தங்கையின் கணவர் ஆபீஸிலிருந்து வந்தார். வந்ததும் கிணற்றடிக்குப் போய் அவரும் குளித்துவிட்டுத்தான் என் எதிரே உட்கார்ந்தார். திருச்சியில் ஃபேனுக்கு அடியில் பேண்ட் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் கையெழுத்துப் போடுகிற மனிதர். "உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார். "தெரியும். அம்மாகிட்ட யார் சொல்றது? அவ பழக்கம் அது. ரெண்டு வாரம்தானேன்னு இருந்துட்டேன்" என்றார். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாராம். அதற்குள் பூனை பாலைக் குடித்துவிட்டது.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தங்கைக்குக் குளிர் ஆரம்பித்தது. பல் கிட்டிக் கட்டிலே ஆடியது. கட்டைப் பிரித்தேன். மஞ்சள் பொடிக்கு அடியில், குழாய் தோலுக்குள் நுழைகிற இடத்தில், சீழ் கட்டியிருந்தது. முழங்கைவரை சிவப்பு ஏறியிருந்தது. திருச்சி டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டு, "இங்கே வெச்சுப் பார்க்காதீங்க" என்றார். மறுபடியும் அதே ரயில்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கையைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். குழாயை அன்றே எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, இருக்கிற மருந்தையெல்லாம் கொடுக்கிறோம் என்றார். நினைவு வரும்போதெல்லாம் அவள் குழந்தையைக் கேட்டாள். நான் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

எல்லாம் முடிந்தபின் டாக்டர் என்னை அழைத்து உட்கார வைத்தார். "உங்ககிட்ட மறைக்கக் கூடாதும்மா. கிட்னி ரெண்டும் வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. வந்த வியாதி குணமாயிடுச்சு" என்றார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று சும்மாவா சொன்னார்கள்? எடுத்துவிடப் போகிற குழாய். தேவையே இல்லாமல் கையில் இருந்த குழாய். அந்த வழியாக அவளைக் கொண்டுபோய்விட்டது.

ஸ்ரீரங்கத்தில் பதின்மூன்று நாளும் குறைவில்லாமல் நடந்தது. வீடு முழுக்கக் கழுவினார்கள். நான் கிளம்பும்போது மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் குளிக்காதவள் என்பதைக்கூட மறந்துவிட்டாள். "ஒரு நாள்கூட மடி தப்பலையே, எங்கே குறை வெச்சேன், தெரியலையே" என்றாள். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. நான் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். வருஷம் திரும்புவதற்குள் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அதற்கு முன்பே குழந்தை என்னிடம் வந்துவிட்டது. அந்த ஒன்றில் மட்டும் அவர்கள் சண்டை போடவில்லை.

குழந்தை வந்த சில நாளில், நர்ஸ் தென்னூருக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். விஷயம் கேள்விப்பட்டதிலிருந்து அவள் தூங்கவில்லை போலிருக்கிறது, கண் குழிந்திருந்தது. வாசற்படியிலேயே நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"டீச்சர், நான் சோப்புப் போடாம ஒரு நாளும் தொட்டதில்லைங்க. துணியெல்லாம் நானே நின்னு அவிச்சு எடுத்தேன். ஆனாலும் கிருமி போயிருக்குன்னா என் கையாலதானே போயிருக்கணும்? வேற யாரும் தொடலையே. நான் என்ன தப்புப் பண்ணினேன்னு சொல்லுங்க. வேற யாருக்கும் அப்படி ஆகக் கூடாது" என்றாள்.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மறைத்தால் தன் கைதான் கொன்றது என்று ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். சொன்னால் அதைவிடக் கேவலமான ஒன்றை அவள் கேட்டாக வேண்டும். சொன்னேன். "உங்க கையில ஒரு தப்பும் இல்லை. நீங்க தொட்டுட்டுப் போன ஒவ்வொரு தடவையும், நீங்க தொட்டதுக்காகவே, மாமியார் அவளைத் தலையோட குளிப்பாட்டியிருக்கா. உங்க கட்டைப் பிரிச்சுட்டு மடித்துணி கட்டியிருக்கா."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப நான் போகாமலே இருந்திருந்தா, அவங்க குளிச்சிருக்க மாட்டாங்கல்ல டீச்சர்?"

உள்ளே தூளியில் குழந்தை சிணுங்கியது. போய் எடுத்துக்கொண்டு வந்து, அந்தக் கைகளில் கொடுத்தேன்.